காரின் மேல் சர்ஃப் போர்டு: ரூஃப் ரேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சனிக்கிழமை காலை அடிங்டன் கடற்கரைப் பக்கம் போனால் தெரியும், சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வெருலத்திலிருந்தும் எத்தனை பிள்ளைகள் சர்ஃபிங் பழக வருகிறார்கள் என்று. பிள்ளை ஒரு அலையில் எழுந்து நின்றுவிட்டால் போதும், வீட்டில் அடுத்த பேச்சு சொந்தப் போர்டு. போர்டு வாங்கிய மறுநாள் எனக்கு போன் வரும்: "இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது?" சொந்தக்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், பிள்ளையுடைய நண்பனின் அப்பா என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே படியுங்கள். பின்னால் வருகிற பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

ரேக் கட்டாயம் வேண்டுமா? காருக்குள்ளேயே வைத்துக்கொண்டு போக முடியாதா?

ஆறடிக்குள் இருக்கிற போர்டு, காரில் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் முடியும். போலோ விவோ மாதிரி சின்னக் காரில்கூடப் பின்சீட்டை மடக்கி, ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள சீட்டை நன்றாகச் சாய்த்தால் டிக்கியிலிருந்து டாஷ்போர்டு வரை போர்டு படுத்துக்கொள்ளும். ஏழடி, எட்டடி ஆகிவிட்டால் டிக்கிக் கதவு மூடாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் எட்டடி ஃபோம் போர்டு. அதோடு இரண்டு பிள்ளைகள், டவல், சாப்பாட்டு டப்பா எல்லாம் ஏறினால் இடம் ஏது?

உள்ளே வைத்தாலும் கட்டித்தான் வைக்க வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் கட்டாத போர்டு முன்கண்ணாடிக்கோ யாருடைய பிடரிக்கோதான் போகும். பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப், அதாவது பாக்கி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பின்தட்டில் பழைய போர்வையை விரித்து, போர்டை அதன்மேல் வைத்து, இரண்டு இடத்தில் கட்டினால் வேலை முடிந்தது.

எத்தனை வகை ரேக் இருக்கிறது? எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

அடிப்படையில் இரண்டே வகை. சாஃப்ட் ரேக் என்பது நுரை அடைத்த இரண்டு திண்டுகள். கூரைமேல் குறுக்காக வைத்து, ஸ்ட்ராப்பைக் கதவு வழியாகக் காருக்குள் விட்டு இறுக்குவது. ஹார்ட் ரேக் என்பது கூரையைப் பற்றி நிற்கும் நான்கு கால்களும் அவற்றின் மேல் இரண்டு குறுக்குக் கம்பிகளும். சாஃப்ட் ரேக் மலிவு, எந்தக் காருக்கும் மாற்றலாம், வேலை முடிந்ததும் சுருட்டி டிக்கியில் போட்டுவிடலாம். ஹார்ட் ரேக் விலை கூடியது, உங்கள் காருக்கென்று பார்த்து வாங்க வேண்டும், ஆனால் அசையாது.

முதலில் பார்க்க வேண்டியது காரின் கூரையை. போர்டும் பிராண்டும் அப்புறம்தான். அடுத்தது, எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் போகப் போகிறீர்கள் என்பது. ஊருக்குள் அறுபதில் போய் அறுபதில் வருகிறவருக்கு சாஃப்ட் ரேக் தாராளம். உம்லாங்கா, பல்லிட்டோ, ஸ்காட்பர்க் என்று வாராவாரம் நெடுஞ்சாலை ஏறுகிறவர் ஹார்ட் ரேக்குக்கே போய்விடலாம் என்பது என் கருத்து.

என் கார் கூரை வழவழவென்று இருக்கிறது. கம்பி, ரெயில் எதுவுமே இல்லை. ரேக் மாட்டவே முடியாதா?

பெரும்பாலான கார்களில் முடியும். காரின் பக்கத்தில் நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூரை ஓரத்தை நிதானமாகப் பாருங்கள். முன்னிருந்து பின்வரை ஓடும் ரெயிலுக்கு அடியில் விரல் நுழைந்தால் அது உயர்ந்த ரெயில். ரேக் மாட்ட இதைவிட எளிது எதுவுமில்லை. ரேக்கின் கால் ரெயிலைச் சுற்றிப் பிடிக்கும்படி இறுக்கினால் ஆயிற்று. ரெயில் இருந்தும் விரல் நுழையாமல் கூரையோடு ஒட்டியிருந்தால் அதற்குத் தனிக் கால் உண்டு. கடையில் "ரெயில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், ஒட்டிய ரெயிலா உயர்ந்த ரெயிலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரெயில் இல்லாத கூரையிலும் இரண்டு விதம். சில கார்களில் கூரை ஓரத்துப் பட்டையில், கதவுகளுக்கு நேர்மேலே, கட்டைவிரல் அளவில் நான்கு சின்ன மூடிகள் இருக்கும். நகத்தால் நெம்பினால் திறக்கும். உள்ளே மரையுள்ள துளை தெரியும். காரைச் செய்தவர்களே ரேக்குக்காக விட்டுவைத்த இடம் அது. வருடக்கணக்கில் அந்தக் காரை ஓட்டுகிறவர்களுக்கே பல சமயம் இது தெரிவதில்லை. அந்த மூடிகளும் இல்லையென்றால், கதவைத் திறந்ததும் தெரிகிற சட்டத்தில் கொக்கி போட்டுப் பிடிக்கும் கால்கள் இருக்கின்றன. அந்தக் கொக்கியும் ரப்பர்ப் பாதமும் உங்கள் கார் மாடலின் வளைவுக்கு அளந்து செய்தவையாக இருக்க வேண்டும்.

பழைய காம்பி, அதாவது ஃபோக்ஸ்வாகன் வேன், வைத்திருக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2002 வரை தென்னாப்பிரிக்காவில் செய்த அந்தப் பழைய வடிவக் காம்பியின் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் காடி உண்டு. காடியில் பிடிக்கும் கால்தான் அதற்கு. பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: சில கார்களில் ரெயில் போலத் தெரிவது வெறும் அலங்காரப் பிளாஸ்டிக். காரோடு வந்த கையேட்டில் ரூஃப் ரேக் என்ற பகுதியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

"எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று ஒன்று பாதி விலைக்கு விற்கிறார்களே?

உயர்ந்த ரெயில் உள்ள கார் என்றால் ஓரளவு நம்பலாம், ரெயிலும் ரெயிலும் கிட்டத்தட்ட ஒரே உருவம்தான். வழவழக் கூரைக்கு மட்டும் வேண்டாம். துலே போன்ற கம்பெனிகள் கால், கம்பி, பொருத்தும் கிட் என்று மூன்றாகப் பிரித்து விற்பதற்குக் காரணமே, அந்த மூன்றாவது சாமான் காருக்குக் கார், வருடத்துக்கு வருடம் மாறுவதுதான். பொருந்தாத கொக்கி கதவுச் சட்டத்தின் பெயின்டைத் தின்னும். பெயின்ட் போன இடத்தில் கடல் காற்று பட்டால் அடுத்து துரு.

இந்தப் பிரிவால் ஒரு லாபமும் உண்டு. நாளைக்கு காரை மாற்றினால் கம்பியையும் காலையும் வைத்துக்கொண்டு கிட்டை மட்டும் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் போதும். பழைய ரேக் வாங்குகிறவர்களும் இதை மனதில் வைத்து விலை பேசுங்கள். "என் போலோவில் இருந்தது, உங்கள் ஸ்விஃப்டிலும் உட்காரும்" என்று விற்பவர் சொன்னால், கிட் செலவைக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுக்க வேண்டும்.

அண்ணா, போர்டு மூன்று கிலோகூட இல்லை. ஒரு கையால் தூக்குகிறேன். இதற்குப் போய் இவ்வளவு வலுவான ரேக் எதற்கு?

இதுதான் நான் அதிகம் கேட்கிற கேள்வி. போர்டு கனமில்லை, சரி. ஆனால் ரேக் போராடுவது காற்றோடு. ஆறடி நீளத்தில், ஒன்றரையடிக்கு மேல் அகலத்தில் ஒரு தட்டையான பலகையைக் கூரைமேல் நீட்டி வைத்து ஓட்டுகிறீர்கள். காற்று அதற்கு அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். அந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அறுபதில் போகும்போது இருப்பதைப்போல் நூற்றிருபதில் நான்கு மடங்கு. காரின் முன்கண்ணாடியில் மோதி மேலே ஏறுகிற காற்று வேறு நேராகப் போர்டின் முன்முனைக்குக் கீழேதான் வருகிறது.

அதனால் ரேக் வாங்கும்போது "எவ்வளவு கிலோ தாங்கும்" என்று மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாகும். மேல்நோக்கி இழுத்தால் கால் கழலுமா என்று பாருங்கள். மாட்டிய பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மேலே, முன்னே, பின்னே ஆட்டுங்கள். கார் ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஆட வேண்டும். கம்பி மட்டும் தனியாக ஆடினால் மறுபடி இறுக்குங்கள்.

கூரை எவ்வளவு எடை தாங்கும்?

கையேட்டில் எழுதியிருக்கும். சின்னக் கார்களுக்கு 50 முதல் 75 கிலோ வரை என்பது வழக்கம். ரேக்கின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். ரேக்குக்கென்று தனி வரம்பு இருந்தால், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

சர்ஃப் போர்டுக்கு இது ஒரு கவலையே இல்லை. ஷார்ட்போர்டு சுமார் மூன்று கிலோ, ஒன்பதடி லாங்போர்டு ஏழு கிலோ சுமாருக்கு வரும். நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற பெரிய போர்டு பத்துக் கிலோவைத் தாண்டும். அதிலும் பிரச்சினை எடை இல்லை, அதன் அகலம் பிடிக்கிற காற்று.

இரண்டு கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

ஆறடிப் போர்டுக்கு எழுபது, எண்பது சென்டிமீட்டர் நன்றாக இருக்கும். போர்டு நீளமாக இருந்தால் இடைவெளியும் கூடட்டும். கம்பிகள் நெருக்கமாக இருந்தால் போர்டின் இரண்டு முனையும் நீட்டிக்கொண்டு நின்று காற்றில் அடிக்கும். வழவழக் கூரையில் கால் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கிட்டோடு வருகிற தாள் சென்டிமீட்டரில் சொல்லும். அங்கே நம் இஷ்டம் செல்லாது. இரண்டு கதவு வண்டிகளிலும் முன்சீட்டு மட்டுமுள்ள சிங்கிள் கேப் பாக்கிகளிலும் கூரை குட்டை. அவற்றில் லாங்போர்டு கொண்டுபோகிறவர்கள் ஒரு கம்பியைக் கூரையிலும் இன்னொன்றைப் பின்தட்டை மூடுகிற கனோபியின் மேலும் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேபினும் கனோபியும் மேடுபள்ளத்தில் தனித்தனியாக அசையும். ஊருக்குள் மெதுவாகப் போக ஓகே, தூரப் பயணத்துக்கு எனக்குச் சம்மதமில்லை.

போர்டை எப்படி வைப்பது? மூக்கு முன்னாலா, வால் முன்னாலா?

கால் வழுக்காமலிருக்க வாக்ஸ் பூசிய பக்கம் கீழே, போர்டின் அடியில் துடுப்பு மாதிரி நிற்கிற ஃபின் மேலே. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. சண்டை வருவது முன்னாலா பின்னாலா என்பதில்தான்.

நான் ஃபின் உள்ள வால்பக்கத்தை முன்னால் வைக்கிறேன். முன் ஸ்ட்ராப் ஃபின்னுக்குச் சற்றுப் பின்னால் வருகிற மாதிரி வைத்தால், கட்டு தளர்ந்தாலும் காற்று போர்டைப் பின்னால் தள்ளும்போது ஃபின் போய் ஸ்ட்ராப்பில் மாட்டி நிற்கும். நீங்கள் வண்டியை ஓரம் கட்ட அவகாசம் கிடைக்கும். மூக்கை முன்னால் வைப்பவர்கள் சொல்கிற காரணமும் தப்பில்லை. கவிழ்த்து வைக்கும்போது மூக்கின் வளைவு கீழே குனிகிறது, காற்று அடியில் புகாமல் மேலே வழுக்கிப் போகிறது என்பார்கள். வளைவு அதிகமுள்ள போர்டுக்கு அது உண்மைதான். ஆனால் அப்படி வைக்கும்போது கட்டு தளர்ந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஃபின்னைக் கழற்றி வைக்கிற போர்டு என்றால் இந்த வாதமே இல்லை, எப்படியும் வைக்கலாம்.

இரண்டு போர்டு இருந்தால் பெரியது அடியில், சின்னது மேலே, நடுவில் டவலோ திண்டோ. மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். அடுக்கு உயர உயர ஸ்ட்ராப்பின் பிடி குறையும்.

கயிறு போதாதா? எங்கள் மாமா மீன்பிடிக் கம்பெல்லாம் நைலான் கயிற்றால்தான் கட்டுவார், இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆனதில்லை.

மாமாவின் முடிச்சை நான் குறை சொல்ல மாட்டேன். கடலோரத் தமிழ்க் குடும்பங்களில் மீன்பிடி பற்றிய அறிவு பரம்பரையாக வருகிறது. சர்ஃபிங் அப்படி வரவில்லை, அதற்குக் காரணமும் உண்டு. டர்பன்காரர் ஷான் டாம்சன் 1977-இல் உலகச் சாம்பியன் ஆன காலத்தில், பே ஆஃப் பிளென்ட்டி கடற்கரை வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பொது இடங்களை இனத்துக்கு இனம் பிரித்த, 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீங்கியது. அதனால் போர்டு கட்டத் தெரிந்த தாத்தா நம் வீடுகளில் அநேகமாக இல்லை.

மீன்பிடிக் கம்பு ஒல்லி, காற்று பிடிக்காது. போர்டு பிடிக்கும். அதோடு நைலான் நனைந்தால் நீளும். கடலிலிருந்து ஏறி வந்த போர்டை நனைந்த நைலான் கயிற்றால் கட்டினால் வீடு வருவதற்குள் கட்டு தளர்ந்திருக்கும். பாலியஸ்டரில் நெய்த, இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள கேம் பக்கிள் ஸ்ட்ராப் வாங்குங்கள். பக்கிளின் நாக்கை அமுக்கி, வாரை இழுத்து, விட்டால் பிடித்துக்கொள்ளும் ரகம் அது. லாரிக்காரர்கள் கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற ராட்செட் வேண்டவே வேண்டாம். அது கொடுக்கிற இறுக்கத்தில் போர்டின் ஓரம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

கட்டுகிற விதம் இது: பக்கிள் உள்ள முனையைப் போர்டின் மேலே போட்டு, பக்கிள் மறுபக்கம் ஓரத்துக்குக் கீழே தொங்குகிற அளவு விடுங்கள். அடுத்த முனையைக் கம்பிக்குக் கீழாக ஒரு சுற்று கொண்டுவந்து, போர்டின் மேலாகத் திரும்ப அனுப்பி, அந்தப் பக்கத்துக் கம்பிக்கும் கீழாக எடுத்துப் பக்கிளில் நுழையுங்கள். ஆக, போர்டின் மேல் இரண்டு வார் ஓடும். இரும்பு பக்கிள் போர்டையோ காரின் பெயின்டையோ தொடக் கூடாது. பக்கிளுக்கு அடியில் ரப்பர் மெத்தை உள்ள ஸ்ட்ராப்பாகப் பார்த்து வாங்கினால் நல்லது. கையால் முழுசாக இழுத்த அளவு போதும், காலை முட்டுக்கொடுத்து இழுக்க வேண்டாம். மிச்ச வாரைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். தொங்கவிட்டால் அது வழியெல்லாம் கூரையைத் தட்டிக்கொண்டே வரும்.

சாஃப்ட் ரேக் மாட்டினால் மழையில் காருக்குள் தண்ணீர் வருகிறதே?

வரும். ஸ்ட்ராப் திரி மாதிரி நீரை உறிஞ்சிக் கதவு ரப்பரைத் தாண்டி உள்ளே சொட்டும். கதவுக்கு உள்ளே வரும் வாரில் ஒரு முடிச்சுப் போட்டால் நீர் அங்கே சொட்டிவிடும், மடியில் சொட்டாது. கோடைக்கால டர்பன் மழைக்கு அது ஓரளவுதான் உதவும், ஒரு பழைய டவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள கார்களில் அது கதவுக்கு மேலே கூரை ஓரத்திலிருந்துதான் இறங்குகிறது. ஸ்ட்ராப் அதன் குறுக்கே போகும். உங்கள் கையேடு சாஃப்ட் ரேக் கூடாது என்று சொன்னால் அதை மதியுங்கள். திண்டை வைக்கும் முன் கூரையைத் துடைக்கவும் வேண்டும். அடியில் மாட்டிக்கொண்ட கடல் மணல் உப்புத்தாள் போல பெயின்டைத் தேய்த்துவிடும்.

எண்பதைத் தாண்டினால் "ஹூம்ம்" என்று ஒரே சத்தம். ரேக் கழன்றுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தட்டையான ஸ்ட்ராப் காற்றில் அதிர்வதுதான் அந்தச் சத்தம். போர்டுக்கும் கம்பிக்கும் இடையில் வெளியே தெரிகிற வாரில் ஒரு முறுக்கு கொடுங்கள், நின்றுவிடும். போர்டே இல்லாமல் சத்தம் வந்தால் அது கம்பியின் வேலை. சதுரக் கம்பி ஊளையிடும், விமான இறக்கை வடிவில் செய்த கம்பி அவ்வளவு சத்தம் போடாது. வாங்கும்போது பணம் கூடக் கொடுக்க மனமிருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் வேலை இல்லாத வாரங்களில் ரேக்கைக் கழற்றி வையுங்கள், பெட்ரோலும் மிச்சமாகும்.

சத்தம் திடீரென்று மாறினால் மட்டும் உடனே ஓரம் கட்டுங்கள்.

போர்டைக் கூரையிலேயே விட்டுவிட்டு சாப்பிடப் போகலாமா?

திருட்டைப் பிறகு சொல்கிறேன், முதலில் வெயில். ஜனவரி மாதத்து மத்தியான வெயிலில் நிற்கும் காரின் கூரையைத் தொட முடியாது. போர்டின் உள்நுரையில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து மேல்தோலைக் கொப்புளமாகத் தூக்கும். எபாக்ஸி பூசிய வெண்நுரைப் போர்டுகளுக்கு இது சீக்கிரம் வரும். வாக்ஸ் உருகித் திண்டிலும் கூரையிலும் ஒட்டுவது தனி. உள்பக்கம் வெள்ளித்தாள் வைத்த போர்டு பை ஓரளவு காக்கும், ஆனால் பைக்குள்ளும் வெகுநேரம் போனால் அடுப்புதான். கறுப்புத் துணிப்பை வாங்காதீர்கள்.

ரேக் வாங்கி ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

நம் ஊர்க் காற்றே உப்பு. இரும்புக் கம்பியின் பூச்சில் கீறல் விழுந்தால் போதும். அலுமினியக் கம்பிக்குச் சிவப்புத் துரு வராது, ஆனால் எஃகு ஆணி தொடுகிற இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அப்புறம் ஆணி இறுகிப்போய்க் கழற்ற வராது.

கடலிலிருந்து வந்ததும் காரைக் கழுவாவிட்டாலும் ரேக்கின் கால்களில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் காலுக்கு அடியில் துடையுங்கள். ஸ்ட்ராப்பை வெயிலில் காய விடாமல் நிழலில் உலர்த்துங்கள். நிறம் வெளுத்து ஓரம் பிசிறு விட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்.

நார்த் பீச்சில் நிறுத்திவிட்டுப் போனால் திரும்பி வரும்போது போர்டு இருக்குமா?

சாவி போட்ட காலுள்ள ஹார்ட் ரேக்கை யாரும் அவசரத்தில் கழற்ற முடியாது. ஆனால் போர்டைப் பிடித்திருப்பது துணி வார்தானே, ஒரு கத்தி போதும். உள்ளே எஃகுக் கம்பி ஓடும், பூட்டுள்ள ஸ்ட்ராப்கள் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலைக்கு அவை உதவும். நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்கிற கார் கார்ட் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, திரும்பும்போது சில்லறை கொடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது காப்பீடு ஆகாது. இரவில் தெருவில் நிறுத்துகிற காரில் போர்டை விடவே கூடாது.

காருக்கு வெளியே கட்டிய சாமான் உங்கள் இன்சூரன்ஸில் சேருமா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்ன "ஆமாம்" பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

போலீஸ் நிறுத்துவார்களா?

ஒழுங்காகக் கட்டியிருந்தால் நிறுத்தக் காரணமில்லை. 2000-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்து விதிகளின்படி, சாமான் வண்டியின் முன்முனையைத் தாண்டி 300 மில்லிமீட்டருக்கு மேலும், பின்முனையைத் தாண்டி 1.8 மீட்டருக்கு மேலும் நீளக் கூடாது. போலோ விவோவின் நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்பதடிப் போர்டு இரண்டே முக்கால் மீட்டர். சரியாக வைத்தால் காரைத் தாண்டி எதுவும் நீளாது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள். நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் போர்டோ பையோ மறைக்காமல் இருக்கட்டும்.

ஜூலை லீவில் ஜெஃப்ரீஸ் பே போகிறோம். அவ்வளவு தூரத்துக்கு இந்த ரேக் தாங்குமா?

டர்பனிலிருந்து என்-2 வழியாக ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். ஹார்ட் ரேக் என்றால் தாங்கும். சாஃப்ட் ரேக்கில் அவ்வளவு தூரம் போகிறவர்களும் இருக்கிறார்கள், நான் போக மாட்டேன். நெடுஞ்சாலையில் 120 வரை அனுமதி உண்டு என்பதற்காக 120-இல் போக வேண்டியதில்லை. ரேக்கோடு வந்த தாளில் அதன் வேக வரம்பு இருக்கும். அது இல்லாவிட்டாலும் நூறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றுக் கணக்கை மேலே சொல்லிவிட்டேன்.

எதிரே வரும் லாரி கடக்கும்போது ஒரு அறை விழும், பக்கக் காற்று அடிக்கும்போது வண்டியே லேசாக நகரும். கெபேகா (பழைய போர்ட் எலிசபெத்) பக்கம் காற்றுக்குப் பேர் போன இடம், அங்கே இன்னும் மெதுவாக. கிளம்பி இருபது நிமிடத்தில் ஒருமுறை நின்று கட்டை இறுக்குங்கள், ஏனென்றால் கம்பிமேல் போட்ட திண்டு அமுங்கியதும் ஸ்ட்ராப் தளரும். அப்புறம் பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு இடத்திலும் கை வைத்துப் பாருங்கள். இரவு தங்குகிற இடத்தில் போர்டை அறைக்குள் கொண்டுபோங்கள். ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் நுழையும்போது உயரப் பலகையைப் பார்த்து நுழையுங்கள். கூரைமேல் போர்டு இருப்பது ஓட்டுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும்; ஸ்டியரிங்கில் ஒரு ரப்பர் பாண்ட் மாட்டி வைப்பவர்கள் உண்டு.

இதே ரேக்கில் கல்யாணத்துக்கு வாழைமரம், கோயிலுக்கு மூங்கில் ஏற்றலாமா?

மூங்கில் ஏற்றலாம். நீளத்துக்கான விதி மேலே இருக்கிறது. போர்டு மாதிரி மூங்கில் காரின் நீளத்துக்குள் அடங்காது, சிவப்புத் துணியை மறக்காதீர்கள். போர்டுத் திண்டைக் கழற்றிவிட்டுக் கட்டுங்கள், மூங்கில் கணு திண்டைக் கிழித்துவிடும். மூங்கில் உருளும் என்பதால் கட்டாகக் கட்டி, கட்டின் இரண்டு பக்கமும் ஸ்ட்ராப் கம்பியை ஒட்டி இறங்க வேண்டும்.

வாழைமரம் வேறு கதை. தண்டு முழுக்கத் தண்ணீர், குலையோடு இருக்கிற இரண்டு மரம் கூரை வரம்பைச் சுலபமாக எட்டிவிடும். இலை வழியெல்லாம் கிழிந்து, வீட்டு வாசலில் கட்டும்போது பார்க்கச் சகிக்காது. சாறு வேறு பெயின்டில் கறையாகும். அதற்கு யாராவது உறவினரின் பாக்கியைக் கேளுங்கள்.

சன்ரூஃப் உள்ள கார், அதுவும் தவணையில் எடுத்தது. ரேக் போட்டால் வாரண்டி போகுமா?

சாதாரணச் சின்ன சன்ரூஃபுக்கு ரேக் போடலாம், போர்டு கட்டியிருக்கும்போது திறக்காமல் இருந்தால் சரி. கூரை முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் கார்களில் சில மாடல்களுக்குக் கம்பெனியே ரேக் கூடாது என்கிறது. அங்கே சாஃப்ட் ரேக்கும் கூடாது, திண்டு கண்ணாடிமேல்தானே உட்காரும்.

வாரண்டிக்குப் பாதுகாப்பான வழி, உங்கள் மாடலுக்கென்று பட்டியலில் உள்ள ரேக்கை வாங்கி ரசீதை வைத்துக்கொள்வது. கூரையில் துளை போட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மகன் மூன்று மாதத்தில் அலுத்துவிட்டான் என்றால்? இவ்வளவு பணம் போடுவதா?

அந்தப் பயம் நியாயம்தான். முதல் சில மாதம் சாஃப்ட் ரேக் வாங்கி, கடற்கரைக்கும் வீட்டுக்கும் மெதுவாக ஓட்டுங்கள். அதுகூட வேண்டாம் என்றால் கடற்கரையிலேயே போர்டு வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளை மழையிலும் குளிரிலும் விடியற்காலையில் எழுப்பச் சொல்கிறானா என்று பாருங்கள். அப்படிச் சொன்னால் ஹார்ட் ரேக்குக்குப் போகலாம்.

வாங்கிய பிறகு அலுத்துப்போனாலும் நல்ல ரேக்குக்குப் பழைய விலை கிடைக்கும். பெட்டி, பொருத்தும் தாள், இறுக்கும் சாவி மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். பூட்டுச் சாவியின் மேல் ஒரு எண் பொறித்திருக்கும். வாங்கிய அன்றே அதை போனில் படம் எடுத்து வையுங்கள். சாவி தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லித்தான் வேறு சாவி வாங்க முடியும்.